தூண்டில் சக்கரத்துக்கு ஒரு கைப்பிடி

ரிப்பேர்க் கடைக்கு வருகிறவர்கள் யாரும் சாமான் எப்படி உடைந்தது என்று உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு" என்பதுதான் பாட்டு. கிணற்றில் விழுந்து எடுத்த டார்ச் லைட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களில் யாராவது இப்படி ஒரு கடையைப் போட்டு உட்கார்ந்து, ஊரார் பொய்யையெல்லாம் தலையாட்டிக் கேட்டவர்களாக இருந்தால் என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் போகிற வழியில் எனக்கு ஒரு கடை இருந்தது. ஸ்டவ், பெட்ரோமாக்ஸ், பூட்டு, குடை, தையல் மெஷின் என்று எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வேன். போர்டில் "எல்லாவித ரிப்பேர்களும் செய்யப்படும்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். தெருவில் என் பெயரே "ரிப்பேரு" என்று ஆகிவிட்டது. வந்த வேலையை முடியாது என்று திருப்பி அனுப்புவதில்லை என்று ஒரு வீம்பு எனக்கு. என் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

உண்மையைச் சொன்ன ஒரே ஆள்

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பத்மாவதி என்று பெயர். ஊரே பட்டு நெய்கிற இடத்தில் சாதாரண நூல் புடவை கட்டியிருந்தார். துணிப்பையிலிருந்து ஓர் அலுமினியச் சக்கரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். முகத்தகடு முழுக்கச் சல்லடை மாதிரி துளைகள், உள்ளே கயிறு சுற்றிய உருளை. தகட்டின் ஓரத்தில் கைப்பிடி இருந்த இடத்தில் வளைந்துபோன ஆணி ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. கைப்பிடி இரண்டு துண்டாகக் காகிதப் பொட்டலத்தில் தனியாக வந்திருந்தது.

"ஜரிகை சுத்துறதாம்மா?" என்று கேட்டேன். சுற்றுகிற எதைப் பார்த்தாலும் எங்கள் ஊர்க்காரன் வாயில் முதலில் அதுதான் வரும். "தூண்டில் சக்கரம் தம்பி. எங்க வீட்டுக்காரரோடது. கீழ போட்டுட்டார், சிமெண்டுத் தரை, உடைஞ்சிடுச்சு" என்றார். தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் உண்மை அது. ஆனால் நான் திகைத்தது அதற்காக அல்ல. திருப்பருத்திக்குன்றத்துச் சமண நயினார் வீடுகளில், இருட்டில் தெரியாமல் ஒரு பூச்சி சோற்றில் விழுந்துவிடக் கூடாதே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். அந்த வீட்டில் தூண்டிலா?

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் மலைமேல் ஓர் அணைக்கட்டு வேலையில் இருந்தபோது, அங்கிருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்து, ஊருக்குப் போகும்போது சக்கரத்தையும் கொடுத்துவிட்டுப் போனாராம். இவருக்கு வந்தது வீசுகிற பைத்தியம் மட்டும்தான், மீன் பைத்தியம் இல்லை. கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, கயிற்றின் நுனியில் சிவப்பு நூலைக் குஞ்சம்போல் கட்டிக்கொள்வார். தென்னேரி ஏரிக்கரையில் நின்று, தூரத்தில் ஓர் அல்லி இலையைக் குறி வைத்து, குஞ்சத்தை அதன்மேல் கொண்டுபோய் உட்காரவைப்பார். அதுதான் ஆட்டம்.

போன மழைக்காலத்தில் அவருக்கு வலது பக்கம் வாதம் அடித்துவிட்டது. கால் தேறிவிட்டது, கை தேறவில்லை. அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை, "நான் என்ன கொழந்தையா?" என்று ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார். ஒருநாள் தானாகவே இந்தச் சக்கரத்தை எடுத்துச் சுற்றப் பார்த்திருக்கிறார். அது நழுவி விழுந்து உடைந்துவிட்டது. அன்றிலிருந்து கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இப்போதே பழக்காவிட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த அம்மா சக்கரத்தை என் பக்கம் நகர்த்தினார். "அவரா ஆசப்பட்டுக் கையில எடுத்தது இது ஒண்ணுதான் தம்பி. முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஓட்டைக்கு மேல் ஓட்டை

பார்த்தால் அற்ப வேலை. வளைந்த ஆணியை எடுத்துவிட்டுப் புது ஆணி போட்டு, அதில் ஒரு கைப்பிடியைச் சொருகினால் முடிந்தது. ஆனால் அந்த ஆணியைத் தகட்டோடு சேர்த்து அடித்து, ரிவெட்டாக இறுக்கியிருந்தார்கள். தகடோ அப்பளம். சுத்தியலால் ஓங்கித் தட்டினால் தகடு நெளியும். நெளிந்தால் சக்கரம் கூட்டுக்குள் உரசி நின்றுவிடும். இதற்கு மாற்றுச் சாமான் வேண்டுமென்றால் கப்பல் ஏறித்தான் போக வேண்டும். அதனால் ஆணியின் பின்தலையை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தேன். புது ஆணியைப் பித்தளையில் செய்து, அடிக்காமல் நட்டு போட்டு முடுக்குகிற மாதிரி மரை வெட்டினேன். அந்த நட்டையும் உள்ளே இடிக்காதபடி வெற்றிலைக் கனத்துக்குத் தேய்த்தேன்.

ஸ்டவ்வைக் கொடுத்துவிட்டு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெசவாளர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டில் உலை வைக்க வேண்டும். நானோ சக்கரத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா ரிப்பேரு, அதுல ஏற்கெனவே நூறு ஓட்டை இருக்குது. இன்னொரு ஓட்டைக்கா இந்தப் பாடு?"

எருமையின் தலையில் இருக்க வேண்டியது

பழைய கைப்பிடி தந்தம் மாதிரி தெரிகிற சீமைச் செல்லுலாய்டில் செய்தது. அதற்கு நான் எங்கே போக? சீப்பு செய்கிறவரிடம் போய் நல்ல எருமைக் கொம்புத் துண்டு ஒன்றை வாங்கி வந்தேன். அடுத்த கடை கோதண்டத்துடையது. கட்டில் கால், பம்பரம், தறிக்கு வேண்டிய கட்டைகள் என்று எல்லாம் கடைந்து தருகிறவன். முணுமுணுத்துக்கொண்டே பழைய அளவுக்குக் கடைந்து கொடுத்தான். நான் எண்ணெய் போட்டுத் தேய்த்து மெருகேற்றினேன். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. உண்மையைச் சொன்னால், அதைக் கொடுக்கவே மனசில்லை.

பத்மாவதி அம்மா வந்தார். கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரொம்ப அழகா இருக்கே, இது என்ன மரம்?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மரமா? எருமைக் கொம்பும்மா! ஏழு ஜென்மத்துக்கும் உடையாது" என்றேன். அவர் அதை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. "எருமைக்கு அது தலையிலேயே இருக்கட்டும் தம்பி. நமக்கு மரம் போதும்."

சத்தம் போன சக்கரம்

மறுபடியும் கோதண்டத்தின் பட்டறைக்குப் போனேன். ஈட்டி மரத்தில், அதே பழைய அளவில், மயிரிழை பிசகாமல் ஒரு கைப்பிடி தயாரானது. அதைச் சக்கரத்தில் பூட்டி, கோதண்டத்திடமே ஒருமுறை சரிபார்க்கக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அது தப்பாகப் போயிற்று. சுற்றும்போது சக்கரம் 'கிர்ர், கிர்ர்' என்று சத்தம் போட்டிருக்கிறது. நூல் சுற்றுகிற சக்கரம் சத்தம் போட்டால் எங்கள் ஊரில் அது நோய். கோதண்டம் உடனே அதைப் பிரித்து, உள்ளே பல்சக்கரத்தில் மோதிக்கொண்டிருந்த சின்ன நாக்கை வளைத்து ஒதுக்கிவிட்டு, எண்ணெயும் விட்டு வைத்திருந்தான். வந்து பார்த்தால் வெண்ணெய் மாதிரி சுற்றியது. எனக்கும் பரம சந்தோஷம்.

மறுநாள் காலையிலேயே அந்த அம்மா சக்கரத்தோடு திரும்பி வந்துவிட்டார். கைப்பிடியை ஓவர்சியரால் பிடிக்க முடியவில்லையாம், விரலுக்கு நடுவே நழுவிவிடுகிறதாம். எனக்குச் சுருக்கென்றது. "பழைய அளவுதாம்மா, நூல் கூட மாறல" என்றேன். "பழைய அளவு பழைய கைக்குத்தானே தம்பி?" என்றார். கையோடு இன்னொன்றையும் கேட்டார். "அந்தச் சத்தம் எங்க போச்சு? பக்கத்துல நின்னு பார்த்தா அவர் கையை மறைச்சுக்கறார். நான் சமையக்கட்டுல இருந்துக்கிட்டு, அவர் சுத்தறாரா இல்லையான்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?"

கோதுமை மாவு

அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனேன். கையைப் பார்க்காமல் கைப்பிடி செய்தது என் முட்டாள்தனம். கொம்பும் போயிற்று, ஈட்டியும் போயிற்று, இனிமேல் என்ன ஆனாலும் விடுவதில்லை என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

ஓவர்சியர் அந்த அம்மா சொன்ன மாதிரியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு, அதற்குள் கை. நான் வணக்கம் சொன்னேன். "ஐயா, கை அளவு எடுக்கணும்" என்றேன். அவர் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்து அவருக்கும் சுவருக்கும் நடுவே போட்டு உட்கார்ந்துகொண்டேன். "சட்டை தைக்கிறவன் வந்தா அளவு குடுக்க மாட்டீங்களா? நானும் அதே மாதிரிதான், இன்னா, கத்திரிக்கோல் இல்ல" என்றேன். அவர் முகத்தைத் திருப்பினார், நான் முக்காலியையும் திருப்பினேன். கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. கடைசியில், இவன் போகிற ஆள் இல்லை என்று தெரிந்து, துண்டை விலக்கினார். விரல்கள் உள்ளே வளைந்து, மேல்தோல் சுருங்கி, கை அசந்து கிடந்தது.

அந்த அம்மாவிடம் சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி கோதுமை மாவு கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து வாங்கி, உருண்டையாக உருட்டி அந்தக் கைக்குள் வைத்தேன். "முடிஞ்ச வரைக்கும் புடிங்க, போதும்" என்றேன். விரல்கள் நடுங்கி நடுங்கி மாவில் பதிந்தன. எடுத்துப் பார்த்தால் கத்திரிக்காய்ப் பிஞ்சு அளவுக்கு ஒரு கட்டி, அதில் நாலு விரலும் வைத்த பள்ளம். நான் அதை வாழையிலையில் பத்திரமாக மடிக்கிறேன், அவர் முறைத்துப் பார்த்து, "யாருய்யா நீ? வாதம் வந்தவனுக்குச் சப்பாத்தி போடக் கத்துக்குடுக்க வந்தியா?" என்று இரைந்தார். பயந்துபோய் வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே அந்த அம்மா ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரிப்பும் இருந்தது. "திட்டறார் தம்பி! எவ்வளவு நாள் ஆச்சு, வாயைத் தொறந்து நல்லா திட்டறார்! நாளைக்கும் வாங்க."

இதுவும் உயிர்தான்

காய்ந்த மாவுக் கட்டியைப் பார்த்து கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் அதே அளவில், அதே பள்ளங்களோடு, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கொடுத்தான். கனமான மரமாக இருந்தால் கைப்பிடி பாரத்துக்கே சக்கரம் தானாகக் கீழே இறங்கிவிடும், இது பஞ்சு மாதிரி லேசு. ஈட்டிக் கைப்பிடியைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, அவன் ஒதுக்கிவைத்திருந்த நாக்கை நானே நிமிர்த்திப் பழையபடி பல்சக்கரத்தில் படவைத்தேன். 'கிர்ர்' திரும்பி வந்தது. கை வியர்த்தால் வழுக்குமே என்று ஒரு யோசனை வந்தது. மேலே நூல் சுற்றிவிட்டால்? எங்கள் ஊரில் நூல் என்றால் என்ன நூல்! தறிக்குப் பாவு ஓட்டுகிறவரிடம் கெஞ்சி மிச்சம் விழுந்த அரக்குச் சிவப்புப் பட்டு வாங்கி வந்து, இடைவெளி தெரியாமல் நெருக்கிச் சுற்றினேன். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது கைப்பிடி.

பத்மாவதி அம்மா பார்த்தார். "பட்டா?" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "கொம்பு வேண்டாம்னு சொன்னவளுக்குப் பட்டு சுத்தி வெச்சிருக்கீங்களே. கூட்டோட கொதிக்கிற தண்ணியில போட்டுத்தானே தம்பி நூலெடுக்கறாங்க? அதுவும் உயிர்தானே? வெள்ளைக்காரர் சுத்தியிருந்த பட்டுக் கயித்தையே எடுத்துட்டுத்தான் இவர் பருத்திக் கயிறு போட்டிருக்கார்" என்றார். பிறந்ததிலிருந்து பட்டுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். அதை ஓர் உயிராக ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து பட்டை முழுக்கப் பிரித்தார். பையிலிருந்து பருத்தி நூல்கண்டை எடுத்து, தானே ஒரு சுற்று விடாமல் இறுக்கிச் சுற்றினார். கோதண்டம் உளியைக் கையில் வைத்துக்கொண்டு இதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் காதருகே வந்து சொன்னான். "ரிப்பேரு, சீக்கிரம் கட்டிக் குடுத்து அனுப்பிடுபா. அடுத்தது மரத்துக்கும் உசுரு இருக்குதுன்னு ஞாபகம் வந்துடப் போவுது."

எதிர்வீட்டுக்காரர்களின் சந்தேகம்

பிறகு கொஞ்ச காலம் அந்தப் பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை. பழுது பார்த்த சாமான் திரும்பி வராவிட்டால் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். அல்லது பரணில் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டில் எது என்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஸ்டவ் துவாரத்தில் ஊசி குத்தும்போதுகூட 'கிர்ர்' என்று கேட்கிற மாதிரியே இருக்கும்.

ஒருநாள் கடைத்தெருவுக்கு வந்த பத்மாவதி அம்மா கடை வாசலில் நின்றார். முதல் நாள் ஒரே ஒரு 'கிர்', அதோடு சரியாம். இவர் கரண்டியும் கையுமாக அடுத்ததற்குக் காத்துக்கொண்டு நின்றதில் குழம்பு தீய்ந்துவிட்டதாம். அடுத்த நாளும் அப்படித்தானாம். அப்புறம் இரண்டு, மூன்று, அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டாராம். தூங்கும்போதும் சக்கரம் தலைமாட்டில்தானாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தில் இருந்த பெருமையை, அவ்வளவு பட்டுக்கடை வாசல் இருக்கிற ஊரில் வேறெந்த முகத்திலும் நான் பார்த்ததில்லை. "எதிர்வீட்டுல வந்து கேக்கறாங்க தம்பி, எப்ப உங்க வீட்டுல தறி போட்டீங்கன்னு!"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது

மறு மழைக்காலம் முடிந்து ஏரிகள் நிறைந்திருந்த சமயம். கடை வாசலில் ஒரு மனிதர் தடியை ஊன்றிக்கொண்டு ஏறி வந்தார். தோளில் தூண்டில் கம்பு வைத்த நீளமான துணி உறை. கூடவே பத்மாவதி அம்மா. அந்த அம்மா கண்ணால் என்னிடம் 'பேசாதே' என்றார். ஓவர்சியர் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, சக்கரத்தை மேஜைமேல் வைத்தார். வலது கையால் வைத்தார்.

என்ன ரிப்பேர் என்று கேட்டேன். அவர் சக்கரத்தைக் கூட்டிலிருந்து கழற்றி, வெற்றிலைக் கனத்துக்கு நான் தேய்த்து வைத்திருந்த அந்தச் சின்ன நட்டைப் பிடித்துத் திருக ஆரம்பித்தார். விரல் நழுவியது. மறுபடி பிடித்தார். நான் இடுக்கியை எடுத்துக்கொண்டு நெருங்கினேன், "எடு கையை" என்று ஓர் அதட்டல் போட்டார். கோதண்டம் பட்டறையை நிறுத்திவிட்டு வந்து நின்றான். நட்டு ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கழன்று மேஜையில் விழுந்து உருண்டது. அவரோ நூல் சுற்றிய கைப்பிடியை உருவி எடுத்து, முகத்தைச் சுளித்து என் முன்னால் போட்டார். சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஈட்டி மரத்துச் சின்னக் கைப்பிடியைக் கண்ணால் காட்டினார். "இது என்னய்யா, உலக்கை மாதிரி? புடிக்கவே வரல. ஒழுங்கா அந்தப் பழைய அளவைப் போட்டுக் குடு, தென்னேரி பஸ் வந்துடும்."

எத்தனையோ பேர் என் வேலையைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் போனபின் கொஞ்ச நேரம் கடையை மூடிவிட்டு நான் ஆனந்தமாக அழுதது அந்த ஒரு தடவைதான்.